இடது பக்க ஜன்னல்

நம் குழுவில் நீங்கள் போட்டிருக்கும் அறிவிப்பைப் பார்த்தேன், தோழிகளே. பத்தாம் வகுப்பு வரை ஒன்றாகப் படித்தவர்களில் மிச்சமிருக்கிற பதினோரு பேர், ஏ.சி. வேன், எட்டு நாள், 'நம்ம ஸ்டேட்டின் நாலு ஊர்களும் ஒரே டூரில்'. பாண்டிச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம். முதல் நாள் எல்லாரும் மயில் நிறப் புடவை கட்ட வேண்டுமாம். இரண்டாம் நாள் மஞ்சள். அறுபதைத் தாண்டிய பதினோரு பெண்கள் ஒரே நிறத்தில் வேனைவிட்டு இறங்கினால், பார்க்கிறவன் ஏதோ மறியலுக்கு வந்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்பான். அதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. ஆளாளுக்குக் கைதட்டும் பொம்மை போட்டிருக்கிறீர்கள். நான் மட்டும் பதில் போடவில்லை என்று நேற்று ஒருத்தி போன் பண்ணினாள். "இன்னாடி, உனக்கு மட்டும் தனியா வெத்தல பாக்கு வைக்கணுமா? வரியா, வரலியா?"

பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும். மூட்டு வலிக்கு நீங்கள் அனுப்பும் கைவைத்தியத்தை எல்லாம் நான் கடைசி வரி வரைக்கும் படித்திருக்கிறேன். பதிலுக்கு இதைப் படியுங்கள்.

இந்தப் பயணத்தை நான் ஏற்கெனவே ஒருமுறை போயிருக்கிறேன். நாலாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில். கூட்டிக்கொண்டு போனவர் என் பெரியப்பா, அப்பாவுடன் பிறந்த அண்ணன்.

பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். அப்படிப்பட்டவர்களை நம் ஊரில் சொல்தா என்போம். முதலியார்பேட்டையில் எங்கள் தெருவில் கார் வைத்திருந்த ஒரே ஆள் அவர்தான். வெள்ளை அம்பாசடர். அவர் எந்தச் சண்டையில் யாரைச் சுட்டார் என்று யாருக்கும் தெரியாது. ராணுவக் கிடங்கில் ரொட்டியும் சோப்பும் எடுத்துக் கொடுக்கிற வேலைதான் பார்த்தார் என்று பெரியம்மா ஒருமுறை வாய் தவறிச் சொல்லிவிட்டாள். ஆனால் மார்க்கெட்டுக்குக் கத்தரிக்காய் வாங்கப் போனாலும், பின்னால் ஒரு பட்டாளம் வருகிற தோரணையில்தான் நடப்பார். கார் கிளம்பும்போது "அலே!" என்பார். நின்றதும் "வுவாலா!" என்பார். இந்த இரண்டுக்கும் நடுவில் அவர் பேசியது முழுக்கத் தமிழ். அதிலும் பாதி அப்பாவைத் திட்டுகிற தமிழ்.

அப்பா மில்லில் தறி ஓட்டினார். நாங்கள் பெரியப்பா வீட்டின் பின்கட்டில் இருந்தோம். அந்த ஒரு காரணத்துக்காகவே அப்பா தன் அண்ணன் எதிரில் வாழ்நாள் முழுக்க வாயைத் திறக்கவில்லை. மில்லில் சங்கக் கொடி பிடித்துக் கோஷம் போடுகிறவர் என்று மற்றவர்கள் சொல்லி நான் கேள்விப்பட்டிருக்கிறேன். அந்தத் தொண்டையை வீட்டுக்கு வரும்போது மில் வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார் போலிருக்கிறது.

ஒருநாள் பெரியப்பா கூடத்தில் இந்தியா வரைபடத்தை விரித்து, நாலு இடத்தில் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டார். ஒன்று நம் ஊர். ஒன்று தெற்கே காரைக்கால். ஒன்று அந்தக் கோடியில், கேரளாவுக்கு நடுவில் மாஹே. இன்னொன்று ஆந்திராவில் ஏனாம். பிரெஞ்சுக்காரன் எங்கெங்கே கப்பலை நிறுத்தினானோ அங்கங்கே நம் ஸ்டேட் சிதறிக் கிடக்கிறது. அது முறைப்படி ஸ்டேட்டே இல்லை என்று அவரிடம் எடுத்துச் சொல்கிற ஆள் எங்கள் தெருவில் இல்லை.

"ஊர்ல இருக்கறவன் எல்லாம் காசி போறான், ராமேஸ்வரம் போறான். நம்ம ஸ்டேட்ட எவன் முழுசா பாத்துருக்கான்? நாம பாக்கறோம். நாலயும் பாக்கறோம். நடுவுல எதுக்கும் எறங்கறது கெடையாது. அதெல்லாம் வெளியூரு."

இதுதான் அந்தப் பயணத்தின் கொள்கை. நாலு துண்டு மண்ணைப் பார்ப்பதற்காக மூன்று மாநிலங்களைக் கண்ணை மூடிக்கொண்டு கடக்க வேண்டும். சிதம்பரம் வெளியூர். தஞ்சாவூர் வெளியூர். மலை, ஆறு, அருவி எல்லாம் வெளியூர். இப்படி ஒரு டூர் போடுகிற மூளை நம் ஊரில் பிறந்தவனுக்கு மட்டும்தான் வரும். உங்கள் அறிவிப்பிலும் அதே வாசனை அடிக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா பிறந்த ஊர் சிதம்பரத்துக்குத் தெற்கே, கொள்ளிடம் ஆற்றை ஒட்டியது. அவளுக்கு அப்பா அம்மா இரண்டு பேருமே இல்லை. இருந்தது ஒரே தங்கை, என் சின்னம்மா. அந்த ஊரிலேயே கட்டிக்கொடுத்திருந்தார்கள். அந்த வருஷம் தை மாதம் சின்னம்மாவின் புருஷன் மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டார். தந்தி வந்தபோது எங்கள் வீட்டு வாசலில் பந்தக்கால் நட்டிருந்தது. பெரியப்பாவின் மூத்த மகளுக்குக் கல்யாணம். பந்தக்கால் நட்ட வீட்டிலிருந்து சாவுக்குப் போகக் கூடாது என்று பெரியப்பா சொல்லிவிட்டார். அம்மா பின்கட்டில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். முன்கட்டில் நாதஸ்வரத்துக்கு ஆள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

புருஷன் செத்தால், பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுப்புடவை கொண்டுபோய்ப் போடுவார்கள். கோடி என்போம். உனக்குப் புருஷன் போனாலும் நாங்கள் இருக்கிறோம் என்று ஊரார் எதிரில் சொல்கிற புடவை அது. சின்னம்மாவுக்குப் பிறந்த வீடு என்றால் அம்மா ஒருத்திதான். அந்தப் புடவை போய்ச் சேரவில்லை. காரியம் முடிந்தது, கல்யாணமும் முடிந்தது, மூன்று மாதமும் ஓடிவிட்டது. அம்மா தினமும் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அவ தலைல ஒரு துணி போட ஆளு இல்லாம போச்சே" என்பாள்.

காரைக்கால் போகிற ரோடு சின்னம்மாவின் ஊர் முனை வழியாகத்தான் போகிறது. அம்மா அப்பாவிடம் சொன்னாள். கணவனின் அண்ணனிடம் நேராகப் பேசும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அப்பா இரண்டு நாள் தயங்கி, மூன்றாம் நாள் பெரியப்பா சவரம் செய்துகொள்ளும் நேரம் பார்த்துக் கேட்டார்.

"சந்தோசமா கெளம்பிப் போறோம். போற வழில சாவு ஊட்டுல போய் நொழையறதா? அறிவு கீதா உனக்கு?" என்றார் பெரியப்பா, கன்னத்தில் நுரையோடு. பிறகு பெரிய மனசு பண்ணினார். "சரி, ஒண்ணு செய். அந்தப் பொண்ண ரோட்டாண்ட வந்து நிக்கச் சொல்லு. அஞ்சு நிமிசம். இவ மட்டும் எறங்கிப் பாத்துட்டு வரட்டும். வேற யாரும் எறங்கக் கூடாது."

புருஷனை இழந்து மூன்று மாதமான ஒரு பெண்ணை, பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி ரோட்டில் வந்து நிற்கச் சொன்னார். அதற்கு எங்கள் வீட்டில் எல்லாரும் அவர் தாராள மனசைப் புகழ்ந்தார்கள். அம்மாகூட.

கடிதத்தை எழுதியது நான். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அவள் சொல்லச் சொல்ல இன்லேண்டில் எழுதினேன்: 'வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறோம். வெள்ளைக் கார். கொள்ளிடம் பாலம் இறங்கியதும் இருக்கும் டீக்கடைக்கு எதிர்ப்பக்கம் நில்.' கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று அம்மா என் கன்னத்தைத் தொட்டு முத்தமிட்டுக்கொண்டாள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எந்த இடம், எந்தப் பக்கம், என்ன நிறம், எல்லாம் எனக்குத் தெரியும்.

கோடிப் புடவையைக் காரில் ஏற்றுவது அடுத்த சிக்கல். அது தெரிந்தால் பெரியப்பா காரையே திருப்பிவிடுவார். அவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பிஸ்கெட் டப்பா ஒன்று எங்களிடம் இருந்தது. நீல நிறத் தகரம், மூடியில் பனி மூடிய ஒரு வீடு. அம்மா அதன் அடியில் புடவையை மடித்து வைத்து, மேலே ஒரு செய்தித்தாளைப் போட்டு, அதன்மேல் முறுக்கை அடுக்கினாள். கரும்பச்சைச் சுங்குடிப் புடவை. செய்தித்தாளைப் போடும் முன் அதை ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. கிளம்பியபோது எட்டு. பெரியம்மா முழங்கால் வலி என்று வரவில்லை. அந்த வீட்டில் புத்தியுள்ளவள் அவள் ஒருத்திதான். பெரியப்பா ஓட்டினார். பக்கத்தில் அப்பா, மடியில் வரைபடம். பின்சீட்டில் மூன்று பேர். அம்மாவுக்குக் காரில் போனால் வாந்தி வரும், அதனால் வலது ஜன்னல் அவளுக்கு. இடது ஜன்னலுக்கு நானும் பெரியப்பாவின் இளைய மகளான அக்காவும் அடித்துக்கொண்டோம்.

பெரியப்பா கியர் போடாமல் திரும்பிப் பார்த்தார். "கேட்டுக்கோங்க. வண்டிய நிறுத்தச் சொல்றவங்க ஜன்னல உட்டுட்டு நடு சீட்டுக்குப் போயிடணும். ஊர் வந்து சேர்ற வரைக்கும் நடு சீட்டு. இது சட்டம்."

"சின்னம்மாவுக்கு நிறுத்தச் சொன்னா கூடவா பெரீப்பா?" என்று நான் கேட்டேன்.

"சட்டம்னா சட்டம்டி" என்று சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அது விளையாட்டு என்று பெரியவர்கள் இரண்டு பேருக்கும் தெரியும். என் வயது ஒன்பது. அந்த வீட்டில் பெரியப்பா சொல்லி நடக்காமல் போன எதையும் நான் பார்த்ததில்லை.

முதல் ஊர் பாண்டிச்சேரி. அதையும் சுற்றிப் பார்த்தாக வேண்டும் அல்லவா? கடற்கரைச் சாலையில் ஒரு சுற்று, பழைய கலங்கரை விளக்கம், பூங்கா நடுவில் வெள்ளை மண்டபம். தினம் நாங்கள் பள்ளிக்கு நடந்து போகிற தெருவில் காரை மெதுவாக ஓட்டி, "பாத்துக்கோங்க, பாத்துக்கோங்க" என்றார். எதிரே எங்கள் தெருப் பால்காரர் சைக்கிளில் வந்தார். அவரையும் பார்த்துக்கொண்டோம். பிறகு வீராம்பட்டினம் போய் அம்மனுக்குக் கற்பூரம் ஏற்றி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, ரோட்டுக்கு வரும்போது மணி ஒன்பதரை. பத்து மணிக்குக் கொள்ளிடத்தில் சின்னம்மா நிற்பாள் என்று அம்மா அப்பாவின் தோளைத் தொட்டாள். அப்பா கையை மட்டும் அசைத்தார்.

இடது ஜன்னலில் நான்தான் முதலில் இருந்தேன். கடலூர் தாண்டியதும் எனக்கு ஒன்றுக்கு வந்துவிட்டது. எவ்வளவு நேரம் அடக்கினேன் என்று தெரியாது. கடைசியில் அழுதுகொண்டே நிறுத்தச் சொன்னேன். திரும்பி வந்தபோது அக்கா ஜன்னலில் உட்கார்ந்து, கையை வெளியே நீட்டிக் காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நடு சீட்டில் தெரிந்ததெல்லாம் பெரியப்பாவின் பிடரி. வியர்வையில் பவுடர் திட்டுத் திட்டாக ஒட்டியிருந்த அந்தப் பிடரி இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. நம் ஸ்டேட்டின் அழகுகளில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிதம்பரத்தில் கோபுரம் தெரிந்தது. அக்காவுக்கு நாட்டியம் கற்றுக்கொள்ள ஆசை. அந்தக் கோபுர வாசலில் நாட்டியச் சிலைகள் இருக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். "அப்பா, ரெண்டே நிமிசம்ப்பா, எறங்கிப் பாத்துட்டு ஓடியாந்துடறேன்" என்றாள்.

"வெளியூரு" என்றார் பெரியப்பா. "நிறுத்தச் சொல்லிட்ட இல்ல? மாறி ஒக்காரு."

காரை நிறுத்தவும் இல்லை, ஜன்னலும் போயிற்று. ஓடுகிற காரிலேயே நாங்கள் இடம் மாறினோம். அக்கா தலையைக் குனிந்துகொண்டு, பாவாடைப் பூவைக் கிள்ளிக்கொண்டே வந்தாள். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அதற்குப் பிறகு அவள் நாட்டியம் என்ற வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை.

எனக்கு அவள்மேல் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை. காற்று முகத்தில் அடித்தது. வயலில் கொக்கு நின்றது. வாய்க்காலில் எருமைகள். எல்லாம் எனக்கு. அம்மா வாந்திக்குப் போட்ட மாத்திரையில் கிறங்கிப்போயிருந்தாள். மூக்கில் எலுமிச்சம்பழம், மடியில் டப்பா. கண்ணைத் திறக்காமலே அக்காவுக்குப் பின்புறமாகக் கையை நீட்டி என் தோளைத் தட்டினாள். "பாப்பா, பாலம் வந்ததும் என்ன எழுப்பு. நான் அசந்துட்டா நீ பாத்துக்க. உன் பக்கம்தான் நிப்பா."

"சரிம்மா" என்றேன்.

கொள்ளிடம் பாலம் குறுகல். கீழே தண்ணீர் ஒரு ஓரமாக வாய்க்கால் அகலத்துக்கு ஓடியது. மற்றதெல்லாம் மணல். கண் கூசுகிற அளவுக்கு வெளுத்த மணலில் யாரோ தர்ப்பூசணி போட்டிருந்தார்கள். மணி பன்னிரண்டு. பாலம் முடிந்து கார் இறங்கியது. வலது பக்கம் டீக்கடை. இடது பக்கம், நான் கடிதத்தில் எழுதிய அதே இடத்தில், சின்னம்மா நின்றுகொண்டிருந்தாள்.

வெறும் நெற்றி. சாயம் போன காவி நிறப் புடவை. ஒரு கையில் மஞ்சள் துணிப்பை, கொடுக்காப்புளியாக இருக்கும், எனக்குப் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். இன்னொரு கையில் குடை. அத்தனை வெயிலிலும் அதை விரிக்கவில்லை. கார் வந்தால் ஆட்டிக் காட்டுவதற்காக மடக்கியே வைத்திருந்தாள் போலிருக்கிறது. வெள்ளைக் காரைப் பார்த்ததும் குடையைத் தூக்கினாள். என்னைப் பார்த்தாள். சிரித்தாள்.

நிறுத்தச் சொன்னால் நடு சீட்டு. ஊர் வந்து சேரும் வரை.

நான் தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

கார் போய்விட்டது. பின்கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தேன். குடையைத் தூக்கியபடியே ரோட்டில் நாலைந்து அடி ஓடி வந்தாள். பிறகு நின்றாள். குடை மட்டும் இறங்கவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். அப்பா முன்சீட்டில் அதே இடது பக்கம்தான் இருந்தார். நான் பார்த்ததை அவர் எனக்கு முன்பே பார்த்திருக்க வேண்டும். பாலத்தில் ஏறும்போது நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவர், இறங்கும்போது வரைபடத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். கொள்ளிடத்தைக் கடந்துகொண்டிருக்கும்போதே அவர் வரைபடத்தில் கொள்ளிடத்தைத் தேடினார். பெரியப்பாவுக்கும் முன்கண்ணாடி இருந்தது, இரண்டு கண்ணும் இருந்தன. புருஷனை இழந்தவள் எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்று காரை மிதித்திருப்பார். இதெல்லாம் வயதான பிறகு கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தது. கண்டுபிடித்ததால் என் பங்கு குறைந்துவிடவில்லை. அம்மா பார்த்துக்கொள்ளச் சொன்னது என்னிடம்.

சீர்காழி தாண்டியதும் அம்மா விழித்தாள். "பாலம் வந்துதா?"

"பாலம் எப்பவோ போச்சு" என்று பெரியப்பா அப்பாவிடம் சொன்னார். "யாரயும் காணமே. இன்னாடி பாப்பா, நீதான ஜன்னல்ல இருந்த? யாரனா நின்னாங்களா?"

அக்கா என்னைப் பார்த்தாள். அப்பா திரும்பவில்லை. அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரும் இல்ல" என்றேன்.

"வந்துருக்க மாட்டா. ரெண்டு மணி நேரம் யாரு நிப்பா?" என்றார் அப்பா. அந்தப் பயணத்தில் அவர் பேசிய மிக நீளமான வாக்கியம் அது.

"திரும்பறப்ப பாத்துக்கலாம். அலே!" என்றார் பெரியப்பா.

அதற்குப் பிறகு நான் என்னென்ன பார்த்தேன் என்று சொல்கிறேன், உங்கள் பட்டியலுக்கு உதவட்டும். தரங்கம்பாடிக் கோட்டை, வெளியூர், இறங்கவில்லை. காரைக்கால் எல்லையில் இறங்கினோம். பெரியப்பா குனிந்து ஒரு சிட்டிகை மண் எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டார். பக்கத்தில் ஒரு நாய் அவரைப் பார்த்துக் குரைத்தது. சிதம்பரம் கோயில் வாசலில் இரண்டு நிமிஷம் நிற்காதவர், திருநள்ளாறு நம் ஸ்டேட்டில் இருப்பதால் அங்கே சனி பகவானுக்கு அரை நாள் ஒதுக்கினார். குளத்தில் முங்கிவிட்டுப் படியில் உட்கார்ந்து, "பசிக்குது, அந்த டப்பாவ இப்படிக் குடு" என்று கையை நீட்டினார். அம்மா டப்பாவைக் கொடுக்காமல் மூடியைத் திறந்து, மேலாக நாலு முறுக்கை எடுத்து என்னிடம் கொடுத்து அனுப்பினாள். சாவுத் தீட்டு என்று சின்னம்மாவின் வாசலை மிதிக்காத மனுஷர், அவள் கோடிப் புடவைமேல் அடுக்கியிருந்த முறுக்கைத்தான் மாஹே போய்ச் சேரும் வரைக்கும் கடித்துக்கொண்டு வந்தார். இதை நினைக்கும்போது மட்டும் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும்.

தஞ்சாவூரில் காரை நிறுத்தாமலே, "தெரியுதா கோபுரம்? தெரியுதில்ல? பாத்தாச்சு" என்றார். திருச்சி மலைக்கோட்டைக்கும் அதே மரியாதை. பாலக்காட்டு மலைகளில் மேகம் இறங்கி ரோட்டைத் தொட்டது. இடது ஜன்னலில் அதெல்லாம் எனக்கு நன்றாகவே தெரிந்தது. நான் பார்க்கவில்லை. எந்த மரத்தடியில் எந்தப் பெண் நின்றாலும் சின்னம்மா மாதிரி இருந்தது. ஓரிடத்தில், "அக்கா, நீ வேணா ஜன்னல்ல ஒக்காரு" என்றேன். "எனக்கு வாணாம். நீயே வெச்சிக்க" என்றாள் அவள். அவள் சொன்ன விதத்தில், அவளும் பார்த்திருக்கிறாள் என்று புரிந்துகொண்டேன்.

மாஹே அரை மணியில் முடிந்துவிட்டது. ஆறு கடலில் விழுகிற இடம் அழகு, மாதா கோயில் அழகு, மற்றபடி வரிசையாகச் சாராயக் கடை. சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரர் ஒருவரைப் பார்த்ததும் பெரியப்பாவுக்கு உடம்பெல்லாம் பூரித்தது. நம் ஊர்த் தொப்பி. விறைப்பாகப் போய், "போன்ழூர்!" என்றார். அந்தப் போலீஸ்காரர் மலையாளத்தில் ஏதோ கேட்டார். பெரியப்பா இன்னும் இரண்டு வார்த்தை பிரெஞ்சு எடுத்துவிட்டார். போலீஸ்காரர் காரைக் காட்டி, ஓரமாக நிறுத்தச் சொல்லிக் கையை ஆட்டினார். பெரியப்பா திரும்பி வந்து, காரை ஓரமாக நிறுத்தினார். பிறகு மெதுவாக, "போலாமா?" என்று அப்பாவிடம் கேட்டார். அவர் அப்பாவிடம் அனுமதி மாதிரி ஒன்றைக் கேட்டு அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஏனாம் போகவில்லை. அவ்வளவு தூரம் யார் ஓட்டுவது? திரும்பும்போது சேலம், விழுப்புரம் வழி கிட்டம் என்று அப்படியே வந்துவிட்டோம். கொள்ளிடம் அந்த வழியில் இல்லை. அம்மா சேலத்தில் அப்பாவின் தோளைத் தொட்டாள். அப்பா இந்த முறை கையைக்கூட அசைக்கவில்லை.

தெருவுக்குள் கார் நுழைந்ததும், "வுவாலா! நாலயும் பாத்தாச்சு" என்று பெரியப்பா அறிவித்தார். ஏனாமில் கோதாவரி எவ்வளவு அகலம் என்று கையை விரித்துக் காட்டினார். நாங்களும் அப்படியே சொல்ல வேண்டும் என்று உத்தரவு. அஞ்சாம் வகுப்பில் நான் 'ஏனாமில் ஒரு நாள்' என்று கட்டுரை படித்துப் பரிசு வாங்கியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நீங்கள் எல்லாரும் கைதட்டினீர்கள். தோழிகளே, நான் ஏனாமை இன்றுவரை பார்த்ததில்லை. ஒரு பொய் நிலைத்துவிட்டால் அடுத்தது சுலபமாக வருகிறது.

இரண்டு மாதம் கழித்து, சிதம்பரம் பக்கம் போன எதிர்வீட்டு அம்மாளிடம் அம்மா அந்த நீல டப்பாவைக் கொடுத்து அனுப்பினாள். டப்பா அப்படியே திரும்பி வந்தது. எதிர்வீட்டு அம்மாள் எங்கள் சமையலறை வாசலில் நின்றே சொன்னாள்: "உன் தங்கச்சி இத வாங்கல. 'ரெண்டு மணி நேரம் வெயில்ல நின்னேன், வெள்ளக் காரு நிக்காம போச்சு. உள்ள குழந்த என்னப் பாத்துச்சு. எங்கக்கா பாக்காமயா இருந்துருப்பா? முண்டச்சி மூஞ்சில முழிக்கக் கூடாதுன்னு போயிட்டா'ன்னு சொல்லுது."

நான் அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கேட்டுவிடுவாள் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் அன்றைக்கு அழுதுகொண்டே சொல்லியிருப்பேன்.

அவள் கேட்கவில்லை. எதிர்வீட்டு அம்மாளிடம் சொன்னாள்: "எம் பொண்ணு பொய் சொல்ல மாட்டா. அவதான் வந்து நிக்காம, இப்ப கத கட்டறா. போவட்டும் உடு."

அவ்வளவுதான். கூடப் பிறந்தவளை விட்டுவிட்டு அவள் என்னை நம்பினாள். முப்பத்தாறு வருஷம் அக்காளும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. கல்யாணம், காதுகுத்து, எதற்கும் பத்திரிகை போகவில்லை, வரவில்லை. பெரியப்பா போனார், அப்பா போனார், அவர்களை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம், நான் தாராளமாகத் திட்டியிருக்கிறேன். அப்படித் திட்டிக்கொண்டிருந்தால் என்னைத் திட்ட நேரம் இருக்காது என்பது ஒரு வசதி. அம்மா படுக்கையில் கிடந்த கடைசி மாதத்தில்கூட நான் சொல்லவில்லை. இனிமேல் சொல்லி என்ன, அவள் நிம்மதி கெடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கோழைத்தனத்துக்கு எவ்வளவு நல்ல பெயர் வைக்கலாம் பாருங்கள். அம்மாவின் சாவுக்குச் சின்னம்மா வரவில்லை. அவள் மகன் வந்து, மாலையைப் போட்டு, ஒரு ஓரமாக நின்றுவிட்டுப் போனான்.

டப்பா என்னிடம் இருக்கிறது. பனி மூடிய வீட்டில் பாதி உரிந்துவிட்டது. புடவை அப்படியே இருக்கிறது, மடிப்பில் மட்டும் கொஞ்சம் வெளுத்திருக்கிறது.

உங்கள் அறிவிப்பைப் பார்த்த அன்று அந்த மகனைத் தேடிப் பிடித்து போன் பண்ணினேன். சின்னம்மா இருக்கிறாள். "அம்மாவுக்கு ரெண்டு காதும் கேக்காதுக்கா. பேசினா வாயத்தான் பாத்துனு இருக்கும். ஆனா கண்ணு நல்லாத் தெரியுது, ஊசில நூலு கோக்கும்" என்றான். பாலத்தடியில் கூட்டிக்கொண்டு வந்து நிற்க முடியுமா என்று கேட்க வாயெடுத்தேன். நல்ல வேளை, நாக்கைக் கடித்துக்கொண்டேன். பெரியப்பாவின் ரத்தம்தான் எனக்குள்ளும் ஓடுகிறது.

ஆகவே என் பதில் இது. நான் வருகிறேன். மயில் நிறப் புடவை கட்ட மாட்டேன், படத்துக்கு நிற்க மாட்டேன். காரைக்கால் போகும் வழியில் வேனைக் கொள்ளிடத்தில் நிறுத்த வேண்டும். ரோட்டில் இல்லை, ஊருக்குள், அவள் வீட்டு வாசலில். அஞ்சு நிமிஷம் என்று யாரும் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது. நான் டப்பாவோடு உள்ளே போவேன். காது கேட்காதவளிடம் என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. டப்பாவைத் திறந்தால் புடவை எதற்கு என்று அவளுக்குத் தெரிந்துவிடும். என் முகத்தைப் பார்த்தால் அன்றைக்கு ஜன்னலில் இருந்தவள் யார் என்றும் தெரிந்துவிடும். பிறகு அவள் என்ன செய்கிறாளோ செய்யட்டும். உள்ளே கூப்பிடாமல் துரத்தினால், வாசலில் வெயிலில் நிற்கிறேன். இரண்டு மணி நேரம் நிற்க எனக்கு இன்னும் காலில் தெம்பு இருக்கிறது.

நீங்கள் இடம் ஒதுக்கும்போது ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். எனக்கு நடு சீட்டு போடுங்கள்.